"அண்ணே, காய்ச்சலுக்கு ரெண்டு செட்டு!"

கேட்டவருக்கு வயது இருபத்தைந்து இருந்தால் அதிகம். கழுத்தில் ஐ.டி. கார்டு, முதுகில் லேப்டாப் பை, ஒரு காதில் செல்போன். பஜ்ஜிக் கடையில், 'ரெண்டு வாழைக்காய், ஒரு வெங்காயம்' என்று கேட்போமே... அதே தொனி!

கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்தவர் மாத்திரையை எடுக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு, "யாருக்கு?" என்றார்.

"எனக்குத்தான்."

"எத்தனை நாளா?"

"மூணு நாளா. விடுது, வருது. உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. வலிக்கும் சேர்த்துக் குடுத்துடுங்க. நாளைக்கு லீவு போட முடியாது."

"கண்ணுக்குப் பின்னால வலி இருக்கா?"

இளைஞர் செல்போனைக் காதிலிருந்து இறக்கினார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சென்னைப் புறநகர் ரயில்வே ஸ்டேஷன் ஒன்றில் இறங்கி, பூக்கடை, ஜூஸ் கடை, செல்போன் ரிப்பேர் கடை எல்லாம் தாண்டினால் வருகிற சின்ன மெடிக்கல் ஷாப் அது. உள்ளே ஒரு ஸ்டூலைப் போட்டு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டிருந்தேன். "உட்காருங்க சார். ஆனா என் பேரு, கடைப் பேரு, போட்டோ எதுவும் வேணாம். எதிர்க்கடைக்காரர் என் மச்சானோட ஃப்ரெண்டு!" என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. அவரை 'அண்ணன்' என்றே வைத்துக்கொள்வோம். தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது.

அண்ணன் வெறும் பாரசிட்டமால் ஆறு மாத்திரையை, பெயர் கிழியாமல் வெட்டிக் கொடுத்தார். துண்டுத் தாளில் 'ரத்தப் பரிசோதனை, பிளேட்லெட், டெங்கு' என்று எழுதினார்.

"தம்பி, வலி மாத்திரை மட்டும் இப்ப வேணாம். டெங்குவா இருந்தா ரத்தக் கசிவுல கொண்டுபோய் விட்டுடும். ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணு, இதை மட்டும் போடுங்க. உப்பு-சர்க்கரைக் கரைசல், மோர், இளநீர் நிறைய குடிங்க. காலையில முதல் வேலையா டாக்டரைப் பாருங்க. இன்னொண்ணு, காய்ச்சல் விட்டுடுச்சேன்னு நிம்மதியா இருந்துடாதீங்க. டெங்குல காய்ச்சல் விடற நேரத்துலதான் ஆபத்தே ஆரம்பிக்கும். வயித்து வலி, வாந்தி, ஈறுல ரத்தம்னா நேரா ஆஸ்பத்திரி!"

இளைஞர் அதிகம் கேட்டதாகத் தெரியவில்லை. "ஒரு மாத்திரை கேட்டா இவ்வளவு பேசறீங்களேண்ணே..." என்று முனகிவிட்டு, பணத்தை வைத்தார். இறங்கினார். ரோட்டைக் கடந்தார். நேராக எதிர்க்கடை!

"பார்த்தீங்களா?" என்றார் அண்ணன். முகத்தில் கோபமெல்லாம் இல்லை. பழகிவிட்டதாம்.

'செட்' என்பது என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாம் எல்லோரும் வாங்கியிருக்கிறோம். வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, பாதி சிவப்பு பாதி கறுப்பில் ஒரு கேப்ஸ்யூல்... பேப்பரில் மடித்து, 'சாப்பிட்டதும் போட்டுக்குங்க' என்ற ஒரே வரி உபதேசத்தோடு வரும். உள்ளே காய்ச்சல் மாத்திரை இருக்கும். சில கடைகளில் வலி மாத்திரை, ஆன்ட்டிபயாடிக், ஸ்டீராய்டுகூட இருக்கும். எது எதென்று கண்டுபிடிக்க முடியாது. அட்டையிலிருந்து துண்டு துண்டாக வெட்டியதில் பெயர் போயிருக்கும். ஒரு ஊறுகாய் பாட்டிலில்கூட என்னென்ன போட்டிருக்கிறார்கள் என்று படிக்கிற நாம், இதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு முழுங்குகிறோம்!

* * *

கல்லாப்பெட்டிக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிச் சட்டம். உள்ளே பார்மஸிஸ்ட் பதிவுச் சான்றிதழ். இருபது வருடத்துக்கு முந்தைய அண்ணன், தலை நிறைய முடியோடு அதில் முறைக்கிறார்.

"கஸ்டமர் யாராவது இதைப் பார்த்திருக்காங்களா?"

"கடிகாரம்னு நினைச்சு மணி பார்த்தவங்க உண்டு!"

டி.பார்ம் என்றால் பிளஸ் டூ-வுக்கு மேல் இரண்டு வருடப் படிப்பு, அப்புறம் 500 மணி நேரப் பயிற்சி. பி.பார்ம் நாலு வருடம். எந்த மருந்து உடம்பில் எங்கே போய் என்ன செய்யும், எதோடு எது சண்டை போடும் என்பதுதான் பாடமே. 1948-ம் வருடத்து பார்மஸி சட்டத்தின் 42-வது பிரிவு, பதிவு பெற்ற பார்மஸிஸ்ட்டைத் தவிர வேறு யாரும் டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கக் கூடாது என்கிறது. 2015-ல் வந்த பார்மஸி நடைமுறை விதிகள் இன்னும் ஒரு படி மேலே போய், மருந்தைக் கொடுத்தால் மட்டும் போதாது, எப்படிச் சாப்பிடுவது என்று நோயாளிக்கு எடுத்துச் சொல்வதையும் பார்மஸிஸ்ட்டின் கடமையாக்கிவிட்டன.

இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டது கொயினா. மலேரியாவுக்குக் கொடுக்கிற கொயினாவில் சகட்டுமேனிக்குக் கலப்படம் என்று புகார் கிளம்பி, 1930-ல் வெள்ளைக்கார அரசு கர்னல் ராம்நாத் சோப்ரா தலைமையில் ஒரு கமிட்டி போட்டது. அவர் நாடெல்லாம் விசாரித்து, 1931-ல் அறிக்கை கொடுத்தார். மருந்தையும் கண்காணிக்க வேண்டும், மருந்தை விற்கிறவனுக்கும் படிப்பு வேண்டும் என்பது சாரம். அது 1940-ல் மருந்துச் சட்டமாகவும், 1948-ல் பார்மஸி சட்டமாகவும் ஆனது. (கமிட்டி அறிக்கைக்கும் சட்டத்துக்கும் நடுவே பதினேழு வருஷம். நம் நாட்டு கமிட்டிகளின் வேகத்துக்கு இது எக்ஸ்பிரஸ்!)

சட்டம் இருக்கிறது, சரி. ஊரில் நடப்பது? சுவரில் சான்றிதழ் தொங்கும். அதற்கு உரியவர் வேறு ஏதோ ஊரில் வேறு ஏதோ வேலை பார்த்துக்கொண்டிருப்பார். மாசா மாசம் சான்றிதழுக்கு 'வாடகை' மட்டும் போய்ச் சேரும். கடையில் நிற்பது, பெட்டியின் கலரைப் பார்த்து மாத்திரை எடுக்கிற பையன். பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஜவுளிக் கடையில் நின்றிருந்தால் சட்டை எடுத்துப் போட்டிருப்பான்.

* * *

ஏழு மணிக்கு மேல் கூட்டம் நெரிகிறது. ஆபீஸ் விட்ட கூட்டம்.

ஒரு பாட்டி, மஞ்சள் பையோடு படியேறினார். "டாக்டர் தம்பி, இந்த மாத்திரையெல்லாம் தீர்ந்துபோச்சு. இதே மாதிரி குடு" என்று ஏழெட்டுக் காலி அட்டைகளைக் கவுன்ட்டரில் கொட்டினார். அண்ணன் சீட்டாட்டக்காரர் மாதிரி அவற்றை வரிசையாக அடுக்கினார். இரண்டை மட்டும் தனியே தள்ளினார்.

"பாட்டி, இது ரெண்டையும் யாரு எழுதிக் குடுத்தது?"

"இது நம்ம தெரு டாக்டர். இது பெரிய ஆஸ்பத்திரியில, கண்ணு ஆபரேஷனுக்குப் போனப்ப."

"காலையில வேர்த்துக் கொட்டுதா? கைகால் நடுங்குதா?"

"ஆமாம்ப்பா! பத்து மணியானா மயக்கமா வருது. வயசாச்சில்ல..."

வயசு இல்லை. இரண்டு அட்டையிலும் பெயர்தான் வேறு வேறு. உள்ளே இருப்பது ஒரே மருந்து... கிளிமிபிரைடு, சர்க்கரையைக் குறைக்கிற மாத்திரை. கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும் என்பது பாட்டிக்கு எப்படித் தெரியும்? மூன்று வாரமாக இரட்டை டோஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சர்க்கரை ஏறினால் மெதுவாகத்தான் ஆளை அரிக்கும். தடாலென்று இறங்கினால் சில மணி நேரத்தில் நினைவு தப்பிவிடும். அண்ணன் அங்கிருந்தே தெரு டாக்டருக்குப் போன் போட்டார். இரண்டு நிமிடப் பேச்சு. ஒரு அட்டையைக் கத்திரிக்கோலால் குறுக்கே வெட்டிக் குப்பையில் போட்டார். பாட்டியின் மகனுக்கும் போன் போட்டுச் சொன்னார். நாளைக்குக் காலையில் சாப்பிடுவதற்கு முன் ஒரு சர்க்கரை டெஸ்ட், கையோடு டாக்டர்.

பின்னால் நின்றவர்கள் 'உச்' கொட்டிக்கொண்டிருந்தார்கள். "சார், எனக்கு ஒரே ஒரு டூத் பேஸ்ட்தான்!"

இந்த 'பெயர் வேறு, சரக்கு ஒன்று' விவகாரம் நமக்கும் உண்டு. காய்ச்சலுக்கு டோலோ போட்டுக்கொள்கிறோம். ஒரு மணி நேரத்தில் விடவில்லை என்றதும் ரூம்மேட்டிடம் கால்பால் வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். கூடவே ஜலதோஷத்துக்கு ஒரு மாத்திரை. மூன்று மருந்து சாப்பிட்டதாக நினைப்பு. மூன்றிலும் பாரசிட்டமால்! ஆரோக்கியமான ஆளுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு. 650 மில்லிகிராம் மாத்திரையில் ஆறு போட்டாலே வரம்புக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதற்கு மேல் போனால் கல்லீரல் காலி. சனிக்கிழமை ராத்திரி 'பார்ட்டி' ஆசாமிகளுக்கு அந்த வரம்பும் கிடையாது. ஜலதோஷ மாத்திரையில் தூக்கம் வரவழைக்கிற சரக்கும் கலந்திருக்கும். அதைப் போட்டுக்கொண்டு பைக்கில் ஓ.எம்.ஆர். போவதும் ஒன்றுதான், கண்ணைக் கட்டிக்கொண்டு போவதும் ஒன்றுதான்.

அடுத்தவர், சாப்பாடு டெலிவரி கம்பெனி டீ-ஷர்ட் போட்ட இளைஞர். கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நின்று, பிறகு குனிந்து ரகசியமாக, "அண்ணே, அந்த க்ரீம்..." என்றார். தொடையில் படர்தாமரை. நாள் முழுக்க ஜீன்ஸ், வியர்வை, பைக் சீட். வராமல் என்ன செய்யும்?

"எந்த க்ரீம்?"

காலி ட்யூபைக் காட்டினார். அண்ணன் முகம் சுருங்கியது. "எத்தனை மாசமா போடறீங்க?"

"நாலு மாசம். போட்டா ரெண்டே நாள்ல அரிப்பு நின்னுடும்ணே. விட்டா திரும்ப வரும். இப்ப வயித்துக்கு ஏறியிருக்கு."

"ரெண்டு நாள்ல நிக்குது பாருங்க, அதுதான் தம்பி பிரச்னையே!"

அந்த ட்யூபில் பூஞ்சைக்கு மருந்தோடு ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கிறது. ஸ்டீராய்டு, தோலின் எதிர்ப்பை அமுக்கிவிடும். அரிப்பு நின்றுவிடும், சிவப்பு மறைந்துவிடும். 'ஆஹா, குணமாச்சு' என்று நாம் நினைக்கும்போது, காவல்காரன் தூங்கிவிட்ட வீட்டில் திருடன் மாதிரி பூஞ்சை உள்ளே ஜாலியாகப் பரவும். மாசக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து வரி வரியாக வெடிக்கும். அந்தத் தழும்பு கடைசி வரை போகாது. இன்னொரு வேடிக்கை... இந்தப் பழக்கம் கொடிகட்டிப் பறக்கும் நம் நாட்டில், வழக்கமான மருந்துக்கு மசியாத ஒரு பூஞ்சை பரவி, உலகமெங்கும் தோல் டாக்டர்களைப் படுத்துகிறது. 2020-ல் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள், 'ட்ரைக்கோஃபைட்டான் இன்டோடினியே'. பெயரிலேயே இந்தியா! பெருமைப்பட முடியாத ஒரு 'மேட் இன் இந்தியா'. ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை 2018-ல் மத்திய அரசு சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்ததற்கு இந்தக் கூத்துதான் காரணம்.

"இதை நான் தர மாட்டேன். தோல் டாக்டரைப் பாருங்க. துண்டு, ஜட்டி யாரோடயும் பகிர்ந்துக்காதீங்க. வெயில்ல காயப்போடுங்க. வீட்டுல வேற யாருக்காவது இருந்தா, அவங்களையும் கூட்டிட்டுப் போங்க."

"ரூம்ல ஆறு பேர்ணே. எல்லாருக்கும் இருக்கு!"

ஒருவருக்குச் சொன்ன யோசனை ஆறு பேருக்குப் போகிறது. பொது சுகாதாரம் என்று பெரிய பெயரில் புத்தகத்தில் படிப்பது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

* * *

கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில், அண்ணன் ஒரு அட்டையைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு.

"இது என்னன்னு தெரியுமா?"

"டிசைன்..."

"பத்திரிகைக்காரர் நீங்களே இப்படிச் சொன்னா!"

டாக்டர் சொல்லாமல் தொடாதே என்பதற்கு அடையாளம் அது. 2016-ல் மத்திய சுகாதார அமைச்சகம் இந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றி ஊருக்கெல்லாம் பிரசாரம் செய்தது. (வீட்டுக்குப் போய் என் மேஜை டிராயரைக் குடைந்தேன். கோடு போட்ட அட்டை நாலு! ஒன்றுக்கும் சீட்டு கிடையாது.)

ஜலதோஷம், சாதாரணத் தொண்டைக் கரகரப்பு பெரும்பாலும் வைரஸ் வேலை. ஆன்ட்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. எறும்புப் பொடி தூவிக் கொசுவை விரட்டுவது மாதிரி. அப்புறம் ஏன், 'போன தடவை போட்டேன், மூணு நாள்ல சரியாச்சே!' என்கிறோம்? போடாமல் இருந்திருந்தாலும் சரியாகியிருக்கும். ஆனால், அந்த மூன்று நாளில் உடம்பிலிருக்கும் பாக்டீரியாக்களில் பலவீனமானது செத்து, முரட்டுப் பயல்கள் மிஞ்சுகின்றன. நாளைக்கு நமக்கோ, நம் அம்மாவுக்கோ நிஜமாகவே நிமோனியா வரும்போது அந்த மருந்து வேலை செய்யாமல் போகும்.

பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங்குக்கு அப்போதே இந்தக் கவலை இருந்தது. 1945-ல் நோபல் பரிசு வாங்கப் போன இடத்தில், கடையில் யார் வேண்டுமானாலும் பென்சிலின் வாங்கலாம் என்ற காலம் வரும், விவரம் தெரியாதவன் அரைகுறையாகச் சாப்பிட்டுக் கிருமிகளைப் பழக்கிவிடுவான் என்று எச்சரித்தார். மனுஷர் நம் ரயில்வே ஸ்டேஷன் ரோட்டை மனதில் வைத்துப் பேசின மாதிரியே இருக்கிறது.

2012-ல் சென்னையில் பல மருத்துவச் சங்கங்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' என்று ஒன்றை வெளியிட்டன. ஆன்ட்டிபயாடிக் விற்பனைக்குக் கடிவாளம் போடுங்கள் என்பதுதான் சாரம். அடுத்த வருடம் மத்திய அரசு 'ஹெச்-1' என்று ஒரு தனிப் பட்டியல் போட்டது. 46 மருந்துகள். வீரியமான ஆன்ட்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள், பழக்க அடிமையாக்கும் சில மாத்திரைகள். 2014 மார்ச் முதல், இவற்றை விற்றால் தனி ரிஜிஸ்தரில் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எழுத வேண்டும். மூன்று வருடம் பத்திரப்படுத்த வேண்டும்.

பக்கத்து கேரளாவில் 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ரித்' என்று ஆரம்பித்து, சீட்டில்லாமல் ஆன்ட்டிபயாடிக் விற்கிற கடைகளைத் தேடிப் பிடித்தார்கள். ஆன்ட்டிபயாடிக்கைத் தனியாக நீல நிறக் கவரில் போட்டுக் கொடுக்கிற ஏற்பாடும் வந்தது. கவரைப் பார்த்ததுமே, 'ஓ, இது விளையாட்டில்லை' என்று வாங்குகிறவனுக்கு உறைக்கும் அல்லவா!

"ரெய்டு நல்லதுதான். ஆனா, நான் ஒருத்தன் மட்டும் இல்லேன்னு சொன்னா என்ன ஆகும்? எல்லாக் கடையும் சேர்ந்து இல்லேன்னு சொன்னாத்தான் சார் அது இல்லே" என்றார் அண்ணன், எதிர்க்கடையின் ட்யூப்லைட்டைப் பார்த்துக்கொண்டே.

* * *

ஹெச்-1 ரிஜிஸ்தரைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, "எங்கள் டீ மாஸ்டர் கதை தெரியுமா?" என்றார்.

தெருமுனை டீக்கடை மாஸ்டர். இருமல் டானிக் வாங்க வந்தார். பத்து நாளில் இன்னொரு பாட்டில். அடுத்த வாரம் இன்னொன்று. நாலாவது தடவை வந்தபோது அண்ணன் பாட்டிலை எடுக்கவில்லை. "மாஸ்டர், சாயங்காலமானா லேசா ஜுரம் வருதா? பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறார். இரண்டும் ஆமாம்!

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை செய்து பார்த்துவிட வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மாஸ்டர் 'டீக்கடையில் தெரிந்தால் வேலை போய்விடும்' என்று பயந்து இரண்டு நாள் கண்ணாமூச்சி ஆடியிருக்கிறார். மூன்றாம் நாள் அண்ணன் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு (அந்த அரை மணி நேரம் சீட்டு மருந்து எதுவும் கொடுக்காதே என்று சொல்லிவிட்டு), பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். டி.பி. உறுதியானது. ஆறு மாத சிகிச்சை. மருந்து இலவசம். வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை. சத்துணவுக்கென்று அரசு 2018-ல் மாதம் 500 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆக்கியது. மாஸ்டர் அதில் முட்டை வாங்கிச் சாப்பிட்டார்.

ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு டீ ஆற்றிக் கொடுக்கிறார் அந்த மனிதர்! முகத்துக்கு நேரே நின்று எத்தனை பேர் அரட்டை அடித்திருப்பார்கள்! மூன்று பாட்டில் இருமல் மருந்து விற்றவருக்கு மட்டும்தான் அது கணக்கில் வந்தது. டாக்டரிடம் அவர் போகவே இல்லை.

காசநோய் மருந்து வாங்குகிறவர்களைப் பற்றி மருந்துக் கடையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2018 மார்ச்சில் மத்திய அரசு உத்தரவே போட்டது. கொரோனா வந்த புதிதில், 2020 ஏப்ரலில், ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் காய்ச்சல், இருமல் மாத்திரை வாங்குகிறவர்களின் பெயர், விலாசத்தைக் குறித்துக்கொள்ளும்படி மருந்துக் கடைகளுக்குச் சொன்னார்கள். ஊரில் காய்ச்சல் பரவுவது ஆஸ்பத்திரிக்குத் தெரிவதற்கு முன்பே மருந்துக் கடைக்குத் தெரிந்துவிடும் என்பது அரசாங்கத்துக்கும் தெரிந்திருக்கிறது.

* * *

எட்டரை மணி. கடையில் பெண்கள் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒருவர் வந்தார். முதலில் ஒரு தைலம் வாங்கினார். பிறகு பிளாஸ்திரி. பிறகு, தேவையே இல்லாமல் ஒரு பேபி பவுடர். கடைசியில், காற்றுக்கே கேட்காத குரலில் ஒரு மாத்திரையின் பெயர். "ஃப்ரெண்டுக்கு..."

அந்த மாத்திரையை இதுவரை யாரும் தனக்காக வாங்கியதே இல்லையாம். எல்லோருக்கும் ஒரு ஃப்ரெண்டு இருக்கிறான்!

அண்ணன் சிரிக்கவில்லை. சகஜமான குரலில், "ஃப்ரெண்டுக்கு என்ன வயசு? பிரஷர் உண்டா? நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை ஏதாவது சாப்பிடறாரா?" என்றார். நைட்ரேட் வகை இதய மாத்திரையோடு இது சேர்ந்தால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கி ஆளே போய்விடலாம். வந்தவர் யோசித்தார். "ஃப்ரெண்டு... அப்பாவோட மாத்திரையை எப்பவாவது போட்டுப்பான்" என்றார். மாத்திரை விற்பனை ஆகவில்லை. டாக்டர் விலாசம் எழுதப்பட்டது. பேபி பவுடரையும் திருப்பி வாங்கிக்கொண்டார் அண்ணன்.

வெட்கப்பட்டால் உயிர் போகிற இடத்தில், வெட்கப்படாமல் கேள்வி கேட்க ஒருவர் வேண்டும். வேறு யாரிடம் கேட்பார் அந்த ஆள்? கூகுளிடமா? 'ஃப்ரெண்டு' சாப்பிடுகிற வேறு மாத்திரையைப் பற்றி அது திருப்பிக் கேட்குமா?

* * *

"இப்படி ஒவ்வொருத்தரையும் திருப்பி அனுப்பினா, கடை எப்படிண்ணே ஓடுது?" என்றேன்.

அவர் கால்குலேட்டரை என் பக்கம் தள்ளினார். அரசு விலைக் கட்டுப்பாட்டில் இருக்கும் மருந்துகளுக்குச் சில்லறைக் கடைக்காரர் லாபம், அவர் வாங்கும் விலையில் 16 சதவிகிதம். அதில் வாடகை, பையன் சம்பளம், கரன்ட். இன்சுலின் இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பதால், ஃபிரிட்ஜ் ராத்திரியும் ஓட வேண்டும். தேதி முடிந்த சரக்கு தனி. இதில் பாட்டியோடு பேசிய இருபது நிமிடத்துக்கு எந்தக் கணக்கிலும் ஒரு பைசா கிடையாது. க்ரீம் மறுத்ததற்கு, வலி மாத்திரை மறுத்ததற்கு எல்லாம் நஷ்டக் கணக்குதான்.

இங்கிலாந்தில் 2024 ஜனவரியில் ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். தொண்டைப் புண், காது வலி, பூச்சிக்கடிப் புண் என்று ஏழு உபாதைகளுக்கு, மருந்துக் கடையிலேயே பார்மஸிஸ்ட் பார்த்து, தேவைப்பட்டால் மருந்தும் கொடுக்கலாம். ஒரு ஆலோசனைக்கு அரசாங்கம் கடைக்கு 15 பவுண்டு என்று நிர்ணயித்தது. மருந்தே கொடுக்காமல் புத்திமதி மட்டும் சொல்லி அனுப்பினாலும் உண்டு! அதை அப்படியே இங்கே கொண்டுவா என்று நான் சொல்ல மாட்டேன். வாடகைச் சான்றிதழ் ஆசாமிகள் அதற்கும் பில் போடுவார்கள். ஆனால், பேச்சுக்கும் ஒரு விலை உண்டு என்று ஒரு அரசாங்கம் ஒப்புக்கொண்டிருக்கிறது.

நம்மூரில் 2025 பிப்ரவரியில் ஆயிரம் 'முதல்வர் மருந்தகங்கள்' திறந்தார்கள். மத்திய அரசின் மலிவு மருந்துக் கடைகள் 2008-லிருந்தே உண்டு. விலை குறைகிறது, சந்தோஷம். விலை குறைந்த மாத்திரையையும் எப்படிச் சாப்பிடுவது என்று யாராவது சொல்லத்தானே வேண்டும்?

அலமாரியின் கீழ்த்தட்டில் இருமல் டானிக் வரிசை பாதி காலியாக இருந்தது. கேட்டேன். அண்ணன் முதல் முறையாகக் குரலைத் தாழ்த்தினார்.

2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பக்கம் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போனார்கள். குடித்த இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் 48.6 சதவிகிதம் என்றது தமிழக அரசின் பரிசோதனை. இதே விஷம் 1972-லேயே சென்னையில் குழந்தைகளைக் கொன்றிருக்கிறது. ஐம்பது வருஷத்தில் நாம் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

"அலெர்ட் வந்த அன்னிக்கு ராத்திரி ஒவ்வொரு பாட்டிலா எடுத்து பேட்ச் நம்பர் பார்த்தேன் சார். அந்த மருந்து என் கடையில இல்லே. ஆனா, பாட்டில் உள்ளே என்ன இருக்குன்னு எனக்கு மட்டும் தெரியுமா? என்னால முடிஞ்சது பில் போடறது, பேட்ச் நம்பர் எழுதறது. நாளைக்கு ஏதாவதுன்னா யாருக்கு வித்தேன்னு தேடிப்போய்ச் சொல்லலாமில்ல. 'பில் வேணாம்ணே'ன்னு போறாங்க பாருங்க... அவங்களை எங்கே போய்த் தேடறது?"

அன்றிலிருந்து சின்னக் குழந்தைக்கு டாக்டர் சீட்டில்லாமல் இருமல் மருந்து கேட்டால், இல்லை என்றே சொல்கிறார். நாலு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று ஜலதோஷக் கூட்டு மருந்து ஒன்றின் மேல் எச்சரிக்கை அச்சிடச் சொல்லி 2023-லேயே உத்தரவு வந்திருக்கிறது. படிக்கிறவர்கள் எத்தனை பேர்?

* * *

ஒன்பதரை. பையன் வெளியே வைத்திருந்த தண்ணீர் கேன்களை உள்ளே உருட்டிக்கொண்டிருந்தான். அண்ணன் ஷட்டர் கம்பியைக் கையில் எடுத்தபோது, படியில் ஒரு நிழல்.

லேப்டாப் பை. ஐ.டி. கார்டு. முகம் இன்னும் வாடியிருந்தது. கையில் பேப்பர் பொட்டலம்.

"அண்ணே... எதிர்க்கடையில வாங்கிட்டேன். ரூமுக்குப் போயி போட்டுக்கலாம்னு பிரிச்சேன். நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. இதுல எதுண்ணே வலி மாத்திரை?"

அண்ணன் பொட்டலத்தை வாங்கி, ட்யூப்லைட்டுக்குக் கீழே பிடித்தார். நாலு மாத்திரை, ஒரு கேப்ஸ்யூல். ஒன்றில் மட்டும் பாதிப் பெயர் இருந்தது. மற்றதெல்லாம் பளபளவென்று வெறும் வெள்ளித் தாள்.

"இது பாரசிட்டமால். நான் ஏற்கெனவே குடுத்ததுதான். மத்ததெல்லாம் பேரே இல்லாம இருக்கே தம்பி, நான் என்னன்னு சொல்றது? போட்டுக்காதீங்க. காய்ச்சல் இப்ப எவ்வளவு?"

டிராயரிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். 101. வாந்தி இல்லை, வயிற்று வலி இல்லை. இரண்டு உப்பு-சர்க்கரைப் பொட்டலம் கொடுத்து, எப்படிக் கரைப்பது என்று சொன்னார். காலையில் ஏழரைக்கெல்லாம் திறக்கிற லேப் எது, எந்தத் தெருவில் என்று இன்னொரு துண்டுத் தாளில் எழுதினார். முதலில் எழுதிக் கொடுத்த தாளை இளைஞர் தொலைத்திருந்தார்.

பொடிக்கான காசைக் கொடுத்துவிட்டு, இளைஞர் தயங்கினார். "அண்ணே, இதெல்லாம் பார்த்துச் சொன்னதுக்கு எவ்வளவு?"

"எதுக்கு? நான் ஒண்ணும் குடுக்கலையே!" என்றபடி அண்ணன் ஷட்டரை இழுத்தார்.